மழைத்தண்ணீர் பிடிக்க பேரல் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

புரட்டாசி முடியும் சமயத்தில் கடலூரில் பழைய சாமான் கடைகளின் வாசலுக்கு நீல நிற பேரல்கள் வந்துவிடும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொன்னது நம் கரையோர ஊர்களுக்கு இன்னும் அப்படியே பொருந்துகிறது. வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும்போது, மாடியிலிருந்து சாக்கடைக்கு ஓடுகிற நல்ல தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. கொஞ்சம் சோப்பு போட்டாலே நுரை பொங்குகிற, பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியாத தண்ணீர் அது.

அந்த ஆசையில்தான் அவசரப்பட்டு வாங்குகிறோம். கடையில் நாம் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை லிட்டர், என்ன விலை? கேட்க வேண்டியவை வேறு. இதில் முன்பு என்ன இருந்தது? மூடி எப்படி? வீட்டில் இது எங்கே நிற்கப் போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய பாத்திரம் ஒரு மழைக்காலம்கூட உருப்படியாக உழைக்காது.

முதல் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். நான் முதலில் வாங்கிய 200 லிட்டர் பேரலைப் பற்றிச் சொல்கிறேன். "அண்ணே, இதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். "சோப்பு ஆயில்தாம்மா, நல்லா கழுவுனா போயிடும்" என்றார் கடைக்காரர். லேபிள் இருந்த இடத்தில் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன், புளி கரைத்து ஊற்றித் தேய்த்தேன், நான்கு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். வாடை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதல் மழையில் பேரல் நிறைந்தது. மறுநாள் காலை மூடியைத் திறந்தால் வார்னிஷ் மாதிரி ஒரு நெடி. தண்ணீரின் மேல், ரோட்டில் சிந்திய பெட்ரோலில் தெரியுமே, அதே போல வண்ணம் வண்ணமாக ஒரு படலம்.

இதற்குக் காரணம் கழுவியதில் இருந்த குறை கிடையாது. பிளாஸ்டிக் சுவர் எண்ணெய்த்தன்மை உள்ள ரசாயனங்களை உள்ளுக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலாகத் தேய்த்தால் மேலே இருப்பது மட்டும் போகும். சுவருக்குள் ஊறியது அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். வெயிலில் நின்றால் இன்னும் வேகமாக இறங்கும். பூச்சிமருந்து, சாயம், கரைப்பான், ஆசிட் வந்த பேரலை எத்தனை தடவை கழுவினாலும் வீட்டுத் தண்ணீருக்கு ஆகாது. செடிக்கு ஊற்றுவதற்குக்கூட வேண்டாம், கீரையும் கறிவேப்பிலையும் நாம் சாப்பிடுவதுதானே.

எனவே லேபிள் முழுசாக இருக்கிற பேரலையே பாருங்கள். மண்டையோடு, தீ, கையில் திரவம் சொட்டுகிற படம் என்று எந்த எச்சரிக்கைக் குறி இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். லேபிளைக் கிழித்தோ சுரண்டியோ வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். சர்க்கரைப் பாகு, பழக்கூழ், வினிகர், சமையல் எண்ணெய் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். பேக்கரி, இனிப்புக் கடை, சமையல் கான்ட்ராக்டர் என்று நேரடியாகக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. எண்ணெய் வந்த பேரல் என்றால் வெந்நீரில் சலவைச் சோடா கலந்து இரண்டு மூன்று முறை ஊற வைத்துக் கழுவ வேண்டும். வாங்கிய பிறகு ஒரு சோதனை: இரண்டு குடம் வெந்நீரை உள்ளே ஊற்றி, இறுக மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மூடியைத் திறந்த உடனே மோந்து பாருங்கள். வாடை வந்தால் அந்தப் பேரல் வேண்டாம். ஆனால் வாடை வரவில்லை என்பதால் மட்டும் பாதுகாப்பு என்று ஆகிவிடாது, வாடையே இல்லாத விஷங்களும் உண்டு. அதனால்தான் முன்கதை தெரியாத பேரலை நான் இப்போது தொடுவதில்லை. புது பேரலோ, புது கறுப்பு டேங்க்கோ வாங்குகிற காசு வீண் போகாது.

பழைய பேரலில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிப்பக்கம் வெளுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் மாவு போல வருகிறதா? பல வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக் அது. காலியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, நிறைந்ததும் அடியில் கீறல் விடும்.

நிறத்துக்கும் வேலை இருக்கிறது. இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளை 1000 லிட்டர் டேங்க்கை இப்போது பலர் வாங்குகிறார்கள். அதன் வழியாக வெளிச்சம் உள்ளே போகும். வெளிச்சம் போனால் பாசி வரும். வெயில் படுகிற இடத்தில் வைத்தால் சில வாரங்களிலேயே தண்ணீர் பச்சையாகிவிடும். கறுப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கறுப்பு தார்பாய் சுற்ற வேண்டும். அது முடியாதென்றால் முதலிலேயே அடர்ந்த நிறத்தில் வாங்குவது உத்தமம். இரும்பு டிரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நம் உப்புக்காற்றில் இரும்பு தாங்காது. தகர டின்னும் அப்படியே. சிமெண்ட் தொட்டி நல்லது, ஆனால் ஒரு இடத்தில் கட்டினால் கட்டியதுதான், வாடகை வீட்டுக்குச் சரிவராது.

அடுத்தது மூடி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் ஆசையாகப் பிடித்து வைக்கிற தெளிந்த தண்ணீரைத் தேடித்தான் வரும். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். வாயகன்ற டிரம்மின் மேல் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மழைக்குப் பிறகு துணி நடுவில் தொய்யும். அதன் மேலேயே ஒரு கை அளவு தண்ணீர் நிற்கும். கொசுவுக்கு அது போதும்.

பேரல் மூடியிலும் இதே தொந்தரவு உண்டு. வாய் சின்னதாக, மேல்பக்கம் தட்டையாக இருக்கும் நீல பேரலை ஒரு மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள். ஓரத்தில் வரம்பு கட்டியது போல விளிம்பு உயர்ந்து, நடுவில் தாம்பாளத்தில் நிற்பது போலத் தண்ணீர் நிற்கும். பேரலை இறுக மூடி, வலை போட்டு, எல்லாம் சரியாகச் செய்த வீட்டில்கூட அந்தத் தாம்பாளத் தண்ணீரில் புழு நெளிவதைப் பார்த்தேன். விளிம்பில் இரண்டு இடத்தில் வாள் பிளேடால் சிறிதாக வெட்டிவிட்டால் தண்ணீர் வழிந்துவிடும். உள்ளே துளை விழாமல் விளிம்பை மட்டும் வெட்ட வேண்டும். அதோடு, குழாய் உள்ளே நுழைகிற வாயிலும், நிறைந்து வழிகிற வாயிலும் நெருக்கமான கொசுவலையைக் கட்டுங்கள். வழியும் வாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மூடியை நான் இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வாயகன்ற டிரம்மையோ தொட்டியையோ தரையில் திறந்து வைக்கவே கூடாது. எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் வெளியே வரத் தெரியாது, சத்தமும் கேட்காது. பூட்டுகிற மாதிரி வளையம் உள்ள மூடி, கீழே குழாய். இது இரண்டும் இல்லாத பாத்திரத்தை அந்த வீட்டுக்கு வாங்காதீர்கள்.

சரி, எவ்வளவு பெரிது வாங்குவது? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1000 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர், தரை ஊறுவது, தெறிப்பது போக 750 லிட்டராவது கீழே வரும். நம் ஊர் மழைக்கு ஒரு சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதை எந்தப் பாத்திரத்திலும் பிடிக்க முடியாது. ஆகவே முழு மழையையும் பிடிக்கிற கணக்கில் பாத்திரம் தேடுவதே தவறு. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் உங்கள் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். 200 லிட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு பக்கெட். பாத்திரம் கழுவ, துணி அலச, கக்கூஸுக்கு ஊற்ற ஒரு சின்னக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓடும். மிச்சத்தை கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். தமிழ்நாட்டில் 2003லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழி ஏற்கெனவே இருக்கும். மண் அடைத்திருந்தால் தூர் வாரினால் போதும்.

மாடியிலிருந்து நான்கு இன்ச் பைப்பில் தண்ணீர் இறங்கும், பேரலில் வழிவதற்கு ஒரு இன்ச் பைப் வைத்திருப்பார்கள். அடைமழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் நாலா பக்கமும் ஊற்றி சுவரோரமே இறங்கும், சுவர் ஓதம் பிடிக்கும். உள்ளே வருகிற அளவுக்கு வெளியே போகிற வழியும் இருக்க வேண்டும். அத்தனை பெரிய துளை போட முடியாத பேரல் என்றால், பைப்பின் நடுவில் பிரித்து ஒரு பகுதியை மட்டும் பேரலுக்குக் கொண்டுவாருங்கள். சீசனின் முதல் ஒன்றிரண்டு மழையைப் பேரலுக்கு விடாமல் வெளியே ஓடவிட வேண்டும். புறா எச்சம், சருகு, ஆறேழு மாதத் தூசி எல்லாம் அதில்தான் வரும்.

குழாய் பொருத்தும்போது கம்பியைக் காய்ச்சிக் குத்தித் துளை போடுவது நம் பக்கத்துப் பழக்கம். துளை கோணலாகிவிடும், வாஷர் உட்காராது, ஒழுகும். ஒழுகினால் எம்சீல் வைத்து அடைப்பார்கள். இந்தப் பிளாஸ்டிக்கில் எம்சீல் ஒட்டாது, ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடும். பிளம்பரிடம் வட்டமாக வெட்டுகிற கட்டர் இருக்கும். டேங்க் நிப்பிளும் இரண்டு பக்கமும் ரப்பர் வாஷரும் போட்டால் பிரச்சினையே இல்லை. அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் வையுங்கள், வண்டல் அடியில் தங்கிவிடும்.

குழாய்க்கு அடியில் பக்கெட் நிற்க வேண்டுமென்றால் பேரல் ஒன்றரை அடி உயரத்திலாவது இருக்க வேண்டும். இங்கேதான் எடை வருகிறது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ, 1000 லிட்டர் என்றால் ஒரு டன். மூன்று இடத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் பேரலை நிறுத்துவார்கள். மூன்று நாள் தொடர்ந்து பெய்த மழையில் மண் இளகி ஒரு அடுக்கு இறங்கும், நிறைந்த பேரல் சாயும். அடியில் ஆள் நின்றால் கால் போய்விடும். கீழே கான்கிரீட் போட்டு, அல்லது ஹாலோ பிளாக்கை நெருக்கமாகப் பரப்பி, பேரலின் அடி முழுவதும் உட்காரும்படி வையுங்கள். சன்ஷேடு, வெளியே நீண்ட பால்கனி ஆகியவற்றில் 1000 லிட்டர் டேங்க் வைக்கிற எண்ணமே வேண்டாம்.

தாழ்வான தெருவில் இருப்பவர்கள் 2015 வெள்ளத்தை மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்போது எதுவரை தண்ணீர் நின்றது என்று சுவரில் பாருங்கள். பேரலின் வாய் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சாக்கடை கலந்த வெள்ளம் உள்ளே புகுந்தால் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் மொத்தமும் கெட்டுவிடும். பாதி நிறைந்த பேரல் வெள்ளத்தில் மிதந்து பைப்பைப் பிடுங்கிக்கொண்டும் போகும். காற்றுக்குக் காலி பேரல் பறக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்த கடலூரில் இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். புயல் எச்சரிக்கை வந்ததுமே காலியாக இருக்கும் எல்லாப் பேரலையும் மோட்டார் போட்டாவது நிரப்பிவிடுங்கள். கனத்தில் அசையாமல் நிற்கும். தானேவுக்கு அப்புறம் பல நாள் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதபோது, நிரப்பி வைத்திருந்த வீட்டுக்காரர்களிடம்தான் தெருவே குடம் எடுத்துக்கொண்டு போனது.

குடிக்கலாமா என்று கேட்பார்கள். பழைய பேரலில் பிடித்ததைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரசாயனம் போகாது. குடிக்கத்தான் வேண்டும் என்றால் புது உணவுத்தர டேங்க், சுத்தமான கான்கிரீட் மாடி, மணலும் கரியும் போட்ட வடிகட்டி, அப்புறம் கொதிக்க வைத்தல் என்று எல்லாம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்த தண்ணீர் அதற்கு வேண்டவே வேண்டாம்.

பொங்கல் கழிந்து மழை நின்றதும் பேரலைக் காலி செய்து, தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேயுங்கள், முக்கியமாகத் தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே. கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி போலத் தெரிகிற ஏடிஸ் முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் அவை சாகாது, மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த ஐப்பசியில் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டு, பேரலை நிழலில் கவிழ்த்து வையுங்கள்.