பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, ஆனால் கட்ட முடியாது: நில உபயோக அனுமதியில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சித்தப்பா செங்கல்பட்டு பக்கம் கிட்டத்தட்ட 40 சென்ட் வாங்கினார். சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவருடைய இருபது வருடக் கனவு. பட்டா சுத்தம், முப்பது வருட ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தாயிற்று, வக்கீல் ஒப்பீனியன் வாங்கியாயிற்று, பத்திரமும் பதிவாகிவிட்டது. பிளான் போட இன்ஜினியரைக் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த சர்வே நம்பர் மாஸ்டர் பிளானில் எந்த மண்டலத்தில் வருகிறது?" வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அது விவசாய மண்டலம்.

தமிழ்நாட்டில் இடம் வாங்குகிறவர்கள் விழும் முதல் குழி இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பட்டாவில் புஞ்சை, நஞ்சை என்று இருப்பது வருவாய்த்துறைக் கணக்கு. மாஸ்டர் பிளானில், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அரசு போடும் திட்டத்தில், குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று இருப்பது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் வேறொரு கணக்கு. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. பட்டாவில் புஞ்சை என்று இருக்கும் நிலம் மாஸ்டர் பிளானில் குடியிருப்பு மண்டலத்தில் இருக்கலாம், அப்போது நில உபயோக மாற்றத்துக்கு நீங்கள் அலைய வேண்டிய அவசியமே இல்லை. சுற்றிலும் வீடுகள் முளைத்து, எதிரில் டீக்கடை வந்து, பஸ்ஸும் நிற்கிற இடம் வரைபடத்தில் இன்னமும் விவசாயப் பச்சையிலேயே கிடக்கலாம். கண்ணால் பார்த்து "ஏரியா டெவலப் ஆயிடுச்சு" என்று முடிவு செய்வதில் பயனில்லை, வரைபடத்தில் என்ன நிறம் என்பதுதான் கணக்கு. சென்னைப் பெருநகரில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்தால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். ஒரே சர்வே எண்ணில் பாதி ஒரு மண்டலம், மீதி வேறு மண்டலம் என்று வருவதும் உண்டு, ஆகவே உட்பிரிவு வரை பார்த்துவிடுங்கள்.

எந்த அலுவலகம் என்பதிலும் குழப்பம் உண்டு. 2022இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரித்து அறிவித்தார்கள். அன்றிலிருந்து அரக்கோணம் பக்கம் இடம் விற்கிறவர்கூட "சிஎம்டிஏ லிமிட்" என்று விளம்பரம் போடுகிறார். ஆனால் 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் மாஸ்டர் பிளானின் வரைபடம் பழைய எல்லைக்குத்தான். விளம்பரத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், உங்கள் கிராமத்துக்கு இன்று எந்தத் திட்டம் பொருந்துகிறது, கோப்பு யார் மேசைக்குப் போகும் என்று கேட்டுவிடுங்கள். மாஸ்டர் பிளானே இல்லாத ஊராக இருந்தால் விவசாய நிலத்தை மாற்ற அதே சட்டத்தின் 47-ஏ பிரிவு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), வேளாண்துறை அறிக்கை என்று வழி வேறு.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற "பஞ்சாயத்து அப்ரூவல்". ஒரு லேஅவுட்டுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது, எத்தனை ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தாலும் சரி. அந்த ஸ்டாம்பை நம்பி வாங்கிய மனைகளெல்லாம் 2016 செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோது ஒரே நாளில் விற்க முடியாத சொத்தாகிவிட்டன. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, ஆனால் 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் பதிவானவற்றுக்கு மட்டும்தான்.

சரி, நிலம் தவறான மண்டலத்தில் இருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பலரும் செய்யும் தவறு, நில உபயோக மாற்றத்தை ஏதோ பட்டா பெயர் மாற்றம் மாதிரி ஒரு சான்றிதழ் வேலை என்று நினைப்பது. உங்கள் ஒரு மனைக்காக அரசு தன்னுடைய திட்டத்தையே திருத்த வேண்டும் என்று கேட்கிறீர்கள், அதனால்தான் இடத்தை நேரில் பார்ப்பார்கள், தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும், நாளிதழில் அறிவிப்பு வந்து ஆட்சேபணை கேட்பார்கள், கடைசியில் அரசிதழில் வர வேண்டும். அந்த நாளிதழ் அறிவிப்பைப் பார்த்துத்தான் பக்கத்து நிலத்துக்காரருக்கே விஷயம் தெரிகிறது என்றால் அவர் கோபப்படாமல் என்ன செய்வார்? எங்கள் சித்தப்பா விஷயத்தில் அதுதான் நடந்தது. மண்டபம் வந்தால் ஸ்பீக்கர் சத்தம், எச்சில் இலை, வண்டிகள் என்று பயந்து நான்கு பேர் சேர்ந்து ஆட்சேபணை எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, பார்க்கிங் எங்கே வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று காட்டியிருந்தால் பாதிப் பேர் அமைதியாகியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. "எங்க நிலம், யாரைக் கேக்கணும்" என்ற வீம்பு இந்த வேலைக்கு ஆகாது.

இதில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மண்டலம் மாறிவிட்டது என்றால் கட்டலாம் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகுதான் திட்ட அனுமதி, அங்கே வேறு கேள்விகள், முதல் கேள்வி சாலை. ரோடு எவ்வளவு அகலம் என்று கேட்டால் நம்மவர்கள் வீட்டு வாசலில் டேப் பிடித்து அளந்து சொல்வார்கள். வாசலில் 30 அடி இருந்து, தெருமுனையில் யாரோ திண்ணையை இழுத்துக் கட்டியதால் 18 அடியாகக் குறுகினால் உங்கள் சாலை 30 அடி ஆகாது, பிரதான சாலையிலிருந்து உங்கள் மனை வரைக்கும் வரும் வழியையும் பார்ப்பார்கள். எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தில் என்ன அகலம், தரையில் என்ன அகலம் என்று இரண்டையும் சர்வேயரை வைத்து எடுத்துவிடுங்கள். அந்த வழி எதிர்காலத்தில் அகலப்படுத்தும் பட்டியலில் இருந்தால் உங்கள் மனையின் முன்பகுதியும் போகும். சித்தப்பாவின் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை டிராக்டருக்குத் தாராளம், ஆயிரம் பேர் கூடும் மண்டபத்துக்குப் போதாது. மண்டலம் மாறியிருந்தாலும் அந்தப் பாதை தடுத்திருக்கும்.

சாலை அகலத்தைச் சொல்லும்போது பிரீமியம் எஃப்எஸ்ஐ (எஃப்எஸ்ஐ என்பது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காசு கட்டினால் எல்லா விதியும் தளரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்கு எஃப்எஸ்ஐ 2. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி. இதற்கு மேல் கட்டணம் செலுத்தி வாங்கலாம், 18 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட சாலையில் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டருக்குள் 40 சதவீதம், 9 முதல் 12 மீட்டருக்குள் 30 சதவீதம். 9 மீட்டருக்குக் குறைந்த சந்தில் இருப்பவர் பணப்பெட்டியோடு போனாலும் கிடைக்காது. கிடைத்தவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வாங்கியது தளப்பரப்பு மட்டும்தான், பக்கத்தில் விட வேண்டிய செட்பேக்கும் பார்க்கிங்கும் அப்படியேதான் இருக்கும். செட்பேக் விட்டபின் மீதி இடத்தில் அந்தக் கூடுதல் சதுர அடி அடங்குமா என்று முதலில் காகிதத்தில் வரைந்து பாருங்கள், அடங்காத எஃப்எஸ்ஐக்குக் காசு கட்டிவிட்டு விழிப்பதில் அர்த்தமில்லை.

பெரிய இடமாக இருந்தால் ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், நம் கணக்கில் சுமார் 74 சென்ட், பத்து சதவீதம் பொதுத் திறந்தவெளிக்குப் போக வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பைக் கட்டலாம், அதற்கு மேல் நிலத்தையே தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்க மனைவி பெயரில் கொஞ்சம், மகன் பெயரில் கொஞ்சம் என்று பிரித்து எழுதுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. தாய்ப்பத்திரத்தைப் புரட்டினால் வெளியே வந்துவிடும் சங்கதி அது.

இனி எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு, முதலில் கட்டிவிட்டு அப்புறம் விலக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது. இந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. சட்டத்தின் 113ஆம் பிரிவு எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. 1999 பிப்ரவரி 28 வரை விதிமீறிக் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த 113-ஏ பிரிவு வந்தது, 2007 ஜூலை 1க்கு முந்தியவற்றுக்கு 113-சி வந்தது. இதைப் பார்த்துத்தான் புரோக்கர் "அடுத்த ஸ்கீம் வரும் சார், கட்டுங்க" என்கிறார். தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு திட்டமும் கடந்துபோன ஒரு நாளோடு கோடு போட்டு நிறுத்துகிறது, இன்று அஸ்திவாரம் தோண்டுகிறவருக்கு அதில் எதுவும் இல்லை.

விலக்கு ஆணை கையில் இருந்தாலும் நிம்மதி இல்லை என்பதற்குக் கொடைக்கானலைவிட நல்ல உதாரணம் வேண்டாம். பிளசன்ட் ஸ்டே ஓட்டல் அனுமதித்ததற்கு மேல் தளங்களை எழுப்பியது, 1994இல் அரசு விலக்கு கொடுத்தது, பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போனது, உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, 1995இல் உச்ச நீதிமன்றமும் கட்டியவருக்குச் சாதகமாக நிற்கவில்லை. கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: 113ஆம் பிரிவு செல்லும், ஆனால் அதை வைத்து எண்பதுகளின் பிற்பகுதியில் போட்ட 62 விலக்கு ஆணைகள் செல்லாது, காரணம் காட்டாமல், யோசிக்காமல் அள்ளிக் கொடுத்தவை அவை. ஆக, விலக்கு கேட்கிறவர் தன் நிலத்தில் என்ன தனிப்பட்ட கஷ்டம், ஏன் விதிப்படி கட்டவே முடியாது, தளர்த்தினால் அக்கம்பக்கத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஏன் இடைஞ்சல் வராது என்று கோப்பில் எழுத்தாக ஏற்ற வேண்டும். "ஏற்கெனவே கட்டிவிட்டேன், நிறைய செலவாகிவிட்டது" என்பதைக் காரணமாக எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை அதிகாரி தவறை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகத்தான் படிப்பார். அனுமதியில்லாத கட்டடம் என்று அதே சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வந்து சீல் வைத்தபின் 80-ஏவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்தான், ஆனால் அதுவரை வங்கி வட்டி நிற்காது.

சில இடங்களில் கேட்டே பயனில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி மாஸ்டர் பிளானிலேயே தனி மண்டலம். கடலோரம் என்றால் சிஆர்இசட் (கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்) விதிகள், நீலகிரி என்றால் மலைப்பகுதி விதிகள், 7 மீட்டர் உயரத்தோடு சரி. இந்த மாதிரி இடங்களில் மலிவாக ஒரு மனை கிடைத்தால் அந்த மலிவுக்குக் காரணம் அதுதான்.

சின்ன வீடு கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி கட்ட 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. யாரும் நேரில் வந்து பார்க்காமல் கிடைக்கிறது என்பதற்காக விதியே இல்லை என்று நினைத்துக்கொண்டு செட்பேக்கை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுயசான்று என்றால் பொய் சொன்ன பொறுப்பும் சுயமானதுதான்.

இதையெல்லாம் கேட்டபிறகும் குறிப்பிட்ட ஒரு நிலம்தான் வேண்டும் என்றால், கிரைய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இத்தனை மாதத்துக்குள் நில உபயோக மாற்றம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும் என்று. விண்ணப்பத்தில் நிலத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால் அதற்கும் அவரைச் சம்மதிக்க வைத்து எழுதிக்கொள்ளுங்கள். "மாற்றுவது ரொம்ப ஈஸி சார், பதினைந்து நாள் வேலை" என்று சொன்ன அதே விற்பனையாளர் இந்த வரியைப் படித்ததும் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. மண்டபத்துக்கு வரைந்த பிளான் சுருட்டியபடி பரணில் இருக்கிறது, நிலத்தில் இந்த வருடம் வேர்க்கடலை போட்டிருக்கிறார்.