பன்னிரண்டு முறை தாவினால் ஷட்ஜம் வருமா?

ஒரு பலகை, இரண்டு ஆணிகள், ஓர் எஃகுத் தந்தி, மூன்று மரக்கட்டைகள், அளவுகோல், கால்குலேட்டர். இவ்வளவு போதும். சுருதிக் கணக்கைக் காதால் கேட்ட பிறகே நம்ப வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தந்தியை ஆணிகளில் இறுக்கிக் கட்டி, அதன் அடியில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகளைச் செருகுங்கள். மீட்டினால் எழுவது உங்கள் ஷட்ஜம், அதாவது ‘ச’. மூன்றாவது கட்டையைத் தந்தியைத் தொடும் அளவுக்கு மட்டும் உள்ளே வைத்து நகர்த்துங்கள். மீட்டும் பகுதி 30 செ.மீ. ஆனால் மேல் ஷட்ஜம். 40 என்றால் பஞ்சமம் (ப). 45 சுத்த மத்தியமம் (ம). 48 அந்தர காந்தாரம் (க). இந்தக் காந்தாரத்தைப் பலமுறை மீட்டி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நீளம் மூன்றில் இரண்டு பங்கானால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். இனிக் கால்குலேட்டர். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 1.5 ஆல் பெருக்கினால் 360, பஞ்சமம்; இப்படி ஒருமுறை பெருக்குவதுதான் ஒரு தாவல். மறுபடி பெருக்கினால் 540. மேல் ஷட்ஜமான 480ஐத் தாண்டிவிட்டதால் பாதியாக்குங்கள்: 270, சதுஸ்ருதி ரிஷபம். அடுத்து 405, தைவதம். அதற்கடுத்து 607.5, பாதி 303.75, காந்தாரம். பித்தகோரஸ் பெயரால் ஐரோப்பா அறிந்த முறை இது. பழந்தமிழ் இசையில் குரல் என்ற முதல் சுரத்துக்கு ஐந்தாவதான இளியும் இதே உறவுதான்.

ஆனால் தந்தியில் 48 செ.மீ. தந்த காந்தாரம் 300 ஹெர்ட்ஸ் அல்லவா? சரி, நிறுத்தாமல் பன்னிரண்டு முறை தாவி முடியுங்கள். 240க்குத் திரும்ப வேண்டிய இடத்தில் 243.27 வந்து நிற்கும்.

நீங்கள் தவறு செய்யவில்லை. 1.5 என்பது 3ஐ 2ஆல் வகுத்தது. 3ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றை எண்தான், 2ஐப் பெருக்கினால் இரட்டை எண்தான். இரண்டும் ஒருநாளும் சந்திக்காது. இந்தச் சிறு உண்மையை முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது.

கீபோர்டு இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. அதற்கு ஒவ்வொரு சுரமும் முந்தையதைப்போல் 1.05946 மடங்கு. பஞ்சமம் 359.59, கிட்டத்தட்டச் சுத்தம். காந்தாரமோ 302.38. இழப்பு அங்கேதான்.

கேட்டுப் பார்க்க ஒரு வழி: 240ஐ ஷட்ஜமாகச் சேர்த்த தம்புராவில் மந்தர ஷட்ஜத் (கீழ் ‘ச’) தந்தியை மீட்டிக் காத்திருங்கள். அந்தர காந்தாரம் தானாக மிதந்து வரும். நீங்கள் 48 செ.மீ.யில் கேட்ட அதே காந்தாரம், ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில். அது ஒலிக்கும்போதே அதே ஷட்ஜத்துக்குச் சேர்த்த கீபோர்டில் காந்தாரத்தை அழுத்துங்கள். இரண்டும் உரசி, நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை அலையடிக்கும்.