பக்கத்துக் கடையில் முதல் முறையாகச் சூஷி பார்சல் வாங்குவோருக்கு

சூஷி என்றாலே பச்சை மீன் என்று எண்ணிப் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் அடிப்படை மீன் அன்று, சோறு. குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிய அரிசியை வேகவைத்து, வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்து பதப்படுத்திய அந்தச் சோற்றோடு வெள்ளரி, முட்டை, வேகவைத்த இறால், பச்சை மீன் என எது சேர்ந்தாலும் அது சூஷிதான். சோறே இல்லாமல் மீன் துண்டுகளை மட்டும் அடுக்கித் தந்தால் அது சஷிமி. ஆகவே புதுச்சேரியில் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை சூஷி விற்கத் தொடங்கியிருந்தால், பச்சை மீனைத் தொடாமலேயே அதைச் சுவைத்துப் பார்க்கலாம்.

முதல் முறை வாங்கும்போது, நோரி என்னும் கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டி வெட்டிய மாக்கி வகையையே கேளுங்கள். அதில் வெள்ளரி ரோல் ஒன்றும், வேகவைத்த அல்லது பொரித்த இறால் ரோல் ஒன்றும் இருவருக்குப் போதும். கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டை வைக்கும் நிகிரியில் மீனின் தரம்தான் எல்லாம். அதைக் கடையின் மீது நம்பிக்கை வந்தபின் வாங்கலாம்.

அந்த நம்பிக்கை எதை வைத்து வர வேண்டும் என்பதில் கடலோரத்தில் வளர்ந்த நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, அழுத்தினால் சதை மீள்கிறதா என்று பார்த்து வாங்கியே நமக்குப் பழக்கம். ஐஸ் மீன் என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்போம். குழம்புக்கும் வறுவலுக்கும் முற்றிலும் சரியான இந்தச் சோதனை, பச்சையாக உண்ணும் மீனுக்குப் போதாது. அன்று காலை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இறங்கிய மீனாகவே இருந்தாலும், அதன் சதைக்குள் அனிசாகிஸ் போன்ற புழுக்களின் இளம்பருவம் இருக்கக்கூடும். இதுவரை நாம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்ததற்குக் காரணம், குழம்புச் சட்டியின் கொதி அவற்றைக் கொன்றுவிடுகிறது என்பதுதான். சமைக்காத மீனில் அந்த வேலையை உறைகுளிர் செய்ய வேண்டும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலோ அதற்கும் கீழோ 7 நாட்கள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கெட்டியாக உறைந்தபின் அதே குளிரில் 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் உறைந்த மீன் ஆகாது. ஐஸின் குளிர் சுழியம் டிகிரியை ஒட்டியதே.

எனவே தயங்காமல் கேளுங்கள்: “இது பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே உறைய வைத்து வந்த மீனா, இல்லை மார்க்கெட்டில் வாங்கியதா?” உறைந்த மீன் என்று சொல்லி, அது வந்த பெட்டியையோ உறையையோ காட்டக்கூடிய கடை நல்ல கடை. “காலையில்தான் பெரிய மார்க்கெட்டில் வாங்கினோம், துடிக்கிறது” என்று பெருமையாகச் சொன்னால், அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்றாலும், அன்று இறால் ரோலோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிடித்தபின் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகிறது. பின்னால் உறைய வைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு போன்ற உறைப்போ குறுகுறுப்போ தெரிந்தால் உடனே துப்பிவிடுங்கள். முகம் சிவந்து, தலை வலித்து, உடலில் தடிப்பு எழுந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பார்சலைப் பொறுத்தவரை, கடையில் அடுக்கி வைத்திருப்பதை எடுக்காமல், சொன்னபின் சுருட்டித் தரச் சொல்லிக் காத்திருப்பது நல்லது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது, கெடக்கூடிய உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. நம் ஊரில் சித்திரை, வைகாசிப் பகல்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே. ஒயிட் டவுனில் வாங்கி லாஸ்பேட்டைக்குக் கொண்டுபோவதானால், சனி, ஞாயிறு மாலை நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள டிக்கியில் வைக்காதீர்கள், எஞ்சின் சூடு அங்கே ஏறும். வெப்பம் உள்ளே புகாத பையில், ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து, பெட்டி சாயாமல் கொண்டுவந்து உடனே உண்பதே முறை. நெடுநேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துப் போகும். நோரியும் மொறுமொறுப்பை இழந்து இழுபடும்.

கையால் சாப்பிடலாம், ஜப்பானிலும் அது வழக்கம்தான். சோயா சாஸில் சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும் என்பதால், நிகிரியைத் திருப்பி மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொடுங்கள். வசாபி என்னும் பச்சை நிறக் கார விழுது நம் மிளகாயைப் போல நாக்கில் நின்று எரியாமல் மூக்கில் ஏறி உடனே தணியும். கடுகளவு எடுத்தால் போதும். ஊறவைத்த இஞ்சி, ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் வாயைச் சுத்தப்படுத்தத் தனியாகத் தின்பதற்கானது.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள் ஆகியோருக்குப் பச்சை மீன் வேண்டாம். காய்கறி ரோல் கொடுங்கள். சைவம் உண்பவர்கள், கத்தியும் சுருட்டும் பாயும் மீனுக்கும் காய்கறிக்கும் ஒன்றா என்று கேட்டுக்கொள்வது அவசியம். நண்டுக் குச்சி பெரும்பாலும் மீன் விழுதால் ஆனது. கூடவே தரப்படும் மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும் வழக்கமாகக் காய்ந்த மீனின் சாறு இருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள், சாதாரண சோயா சாஸில் கோதுமை சேர்வதால் அதைத் தவிர்க்க வேண்டும். மீந்துபோன பச்சை மீன் துண்டு எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.