கண்ணைக் குத்தும் இண்டிகேட்டர் விளக்குகள்: டேப் ஒட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறையின் விளக்கை அணைத்த பிறகுதான் தெரியும், எத்தனை விளக்குகள் அணையாமல் இருக்கின்றன என்று. ரவுட்டரில் வரிசையாக நாலைந்து, டிவிக்குக் கீழே ஒன்று, ஏசி முகப்பில் இரண்டு இலக்க எண், லேப்டாப் சார்ஜரில் ஒன்று, எக்ஸ்டென்ஷன் போர்டின் சுவிட்சுக்குள் ஒன்று. இவற்றில் பாதிக்கு மேல் தொந்தரவே இல்லாதவை. ஏதோ ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பவை, கூரை வரை வெளிச்சம் அடிக்கும். அப்போது கை தேடுவது கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத்தான்.

டேப் ஒட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எந்த விளக்கின் மேல், எதை, எவ்வளவு ஒட்டுகிறோம் என்று பார்க்காமல் ஒட்டுவதுதான் வம்பு. ரிமோட் வேலை செய்யாமல் போவதும், புகை அலாரம் செத்துக் கிடப்பது தெரியாமலே இருப்பதும் இப்படித்தான் நடக்கிறது. தேவை பெரும்பாலும் மறைப்பது அல்ல, குறைப்பது.

முதலில், இவை ஏன் இவ்வளவு பிரகாசம்? 1960களில் வந்த சிவப்பு எல்.இ.டி.க்கள் மங்கலானவை. அந்தத் தலைமுறை விளக்கு கண்ணில் படவே 10 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் கேலியம் நைட்ரைடை அடிப்படையாகக் கொண்டு பிரகாசமான நீல எல்.இ.டி. பிறந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகை நீலமும், இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்றைய பச்சையும் வெள்ளையும், ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழேயே இருட்டறையில் பளிச்சென்று தெரியும். ஆனால் சர்க்யூட் போடுபவர் பழைய பழக்கத்தில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதே 330 ஓம் ரெசிஸ்டரை வைத்துவிட்டால், 5 வோல்ட் சப்ளையில் ஒரு நீல எல்.இ.டி. வழியாக சுமார் 6 மில்லி ஆம்பியர் ஓடும். பகல் வெளிச்சத்தில் மேசை மேல் வைத்துச் சோதிக்கும்போது அது யாருக்கும் உறுத்தாது. இரவில் நம் அறைக்கு வந்த பிறகுதான் உறுத்தும்.

அதற்கு நம் கண்ணும் ஒரு காரணம். இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் 507 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலமும் பச்சையும் கலந்த பகுதியில், மிகக் கூர்மையானவை. நீல இண்டிகேட்டரின் ஒளி 470 நானோமீட்டரை ஒட்டி இருப்பதால் அதற்கு ரொம்பப் பக்கம். சிவப்பு 630 நானோமீட்டர் பக்கம் இருப்பதால் குச்சி செல்கள் அதைக் கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை. பகலில் ஒரே அளவாகத் தெரிந்த நீலமும் சிவப்பும் நள்ளிரவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல் தெரிவது இதனால்தான். நீல ஒளி உறக்க ஹார்மோனான மெலடோனினைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அறையின் மறுகோடியில் இருக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் உறக்கச் சுழற்சியையே கவிழ்த்துவிடும் என்று பயமுறுத்துவது அதிகப்படி. இங்கே உண்மையான பிரச்சினை எரிச்சல்தான். அது ஒன்றே போதுமான காரணம்.

பகலில் பார்த்து முடிவு செய்வது

நிறையப் பேர் டேப்பை ஒட்டுவது பகலில். ஒட்டிவிட்டு, "ம், இன்னும் தெரியுதே" என்று மேலும் இரண்டு அடுக்கு ஒட்டுவார்கள். அல்லது நேர்மாறாக, ட்யூப் லைட் வெளிச்சத்தில் மங்கிவிட்டது என்று திருப்திப்பட்டு, இரவில் மறுபடி திட்டுவார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விளக்கை அணைத்துவிட்டு அவ்வளவு நேரம் படுத்திருந்து, அப்புறம் பாருங்கள். எது உண்மையில் தொந்தரவு, எது வெறும் ஒரு புள்ளி என்பது அப்போதுதான் தெரியும். படுத்த நிலையிலிருந்து பார்ப்பதும் முக்கியம். தெளிவான கண்ணாடி போன்ற முனை உள்ள எல்.இ.டி. ஒளியை ஒரு குறுகிய கூம்பாக நேர் எதிரே வீசும். சாதனத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே அந்தக் கூம்பு தலையணையைத் தாண்டிப் போய்விடும். டேப்பே தேவைப்படாது.

இன்னொரு விஷயம், ஒளியைப் பாதியாகக் குறைத்தால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. கொஞ்சம் குறைந்தது போல்தான் இருக்கும். நன்றாக மங்கிவிட்டது என்று தோன்ற வேண்டுமானால் பத்தில் ஒரு பங்காவது ஆக வேண்டும். அதனால்தான் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டிப் பார்த்துவிட்டு "பிரயோஜனம் இல்லை" என்று நேரே கறுப்புக்குத் தாவுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித மாஸ்கிங் டேப்பில் ஒரு சின்னத் துண்டை ஒட்டிப் பாருங்கள். முதல் அடுக்கிலேயே ஒரு மாற்றம் நடக்கும். ஊசி முனை போல் குத்திய புள்ளி, டேப்பின் இழைகளில் பரவி, மொச்சைக் கொட்டை அளவுக்கு மென்மையான ஒரு வட்டமாகும். வெளிச்சம் பெரிதாகக் குறையாவிட்டாலும் உறுத்தல் அங்கேயே பாதி போய்விடும். இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளில் வெளிச்சமும் இறங்கும். விளக்கு எரிகிறதா இல்லையா என்பது தெரிகிறது, சுவரில் நிழல் விழவில்லை என்ற நிலை வந்ததும் நிறுத்திவிடலாம்.

செட்டிங்கைப் பார்க்காமலே கத்திரிக்கோலை எடுப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல டிவிக்களில் மெனுவுக்குள் ஸ்டேண்ட்பை லைட்டை அணைக்கும் வசதி இருக்கும். மானிட்டர்களில் பவர் எல்.இ.டி. என்ற பெயரில் இருக்கும். ஏசி ரிமோட்டில் டிஸ்ப்ளே அல்லது லைட் என்று ஒரு பட்டன் இருக்கலாம். வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை அழுத்தியிருக்க மாட்டார்கள். ரவுட்டர்களில் நிர்வாகப் பக்கத்திலோ, ஆப்பிலோ, பின்பக்கத்துச் சின்ன பட்டனிலோ விளக்குகளை அணைக்க வழி இருக்கும். சிலவற்றில் இரவு நேரத்துக்கு மட்டும் அணையும்படி நேரம் குறிக்கவும் முடியும். எல்லா மாடலிலும் இருக்காது என்பது வாஸ்தவம். இருந்தும் தேடாமல் டேப் ஒட்டியவர்களே அதிகம்.

கறுப்பு ஜன்னல் முழுவதையும் மூடிவிடுவது

டிவியின் கீழ் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை போன்ற சின்ன ஜன்னல் இருக்கும். அதற்குள் இண்டிகேட்டர் மட்டும் இல்லை. ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியை வாங்கும் ரிசீவரும், பல மாடல்களில் அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரும் அதே ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கின்றன. மொத்தமாக மூடினால் ரிமோட்டை நாலு தடவை அழுத்த வேண்டி வரும். உடனே ரிமோட் பேட்டரியை மாற்றுவோம். சென்சார் மூடப்பட்டால் டிவி, அறை இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பட்டப்பகலிலும் படத்தை மங்கலாகக் காட்டும். டேப்பை ஒட்டிப் பத்து நாள் கழித்து இது தெரியவந்தால், இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. செட்டாப் பாக்ஸ், ஏசி, சவுண்ட் பார் எல்லாவற்றிலும் இதே அமைப்பு உண்டு.

எங்கே எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க, இருட்டில் விளக்கு எரியும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஒரு புள்ளியை மட்டும் மூடுங்கள். அதற்கு ஒரு சுலபமான வழி, காகிதத்தில் துளை போடும் பஞ்சிங் மெஷின். ஸ்டிக்கர் உரித்தபின் மிஞ்சும் வழவழப்பான தாளின் மேல் டேப்பை ஒட்டி, தாளோடு சேர்த்துப் பஞ்ச் செய்தால் 6 மில்லிமீட்டர் வட்டங்கள் விழும். தாளை உரித்துவிட்டு, புருவம் எடுக்கும் இடுக்கியால் வட்டத்தை எடுத்து வைத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒட்டியதே தெரியாது. ஒட்டியபின் ரிமோட்டை நேரேயும், பக்கவாட்டிலிருந்தும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கையில் கிடைத்ததை ஒட்டுவது

இன்சுலேஷன் டேப்பின் பசை சூடு பட்டால் இளகும். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருப்பவை. சில மாதங்களில் டேப் இடம் நழுவி, ஓரத்தில் கறுப்புப் பிசின் கசிந்து, தூசியையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். அதைத் துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தால் கதை முடிந்தது. அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்து வெள்ளைத் தழும்பை விட்டுவிடும். பளபளப்பான அக்ரிலிக் முகப்பில் ஆல்கஹால்கூட நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் தொடங்குவதுதான் பத்திரம். சாதனத்தின் பிளக்கை முதலில் பிடுங்கிவிடுங்கள்.

அலுமினியத் தாளும் வேண்டாம். மின்சாரத்தைக் கடத்தும் பொருள், ஓட்டைகளும் போர்ட்களும் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ரவுட்டர் மேல் ஒட்டினால் சிக்னலையும் கெடுக்கும். நெயில் பாலிஷும் மார்க்கரும் போட்டால் போட்டதுதான், திரும்பி வர வழி கிடையாது.

எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்களிடம் காப்டான் டேப் என்று தேன் நிறத்தில் ஒன்று இருக்கும். நீல விளக்குக்கு அதுதான் என் முதல் தேர்வு. சூட்டைத் தாங்கும், பசையும் அவ்வளவாக ஒட்டிக்கொண்டு நிற்காது. நீல ஒளியை அது நன்றாக விழுங்கிவிடும். ஒன்றிரண்டு அடுக்கிலேயே கூரை வெளிச்சம் காணாமல் போகும். நீல விளக்கு ஆரஞ்சு நிறமாக மாறும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குள் ஆரஞ்சே கிடையாது, அதனால் மங்க மட்டுமே செய்யும். வெள்ளை எல்.இ.டி.யில்தான் நிறமும் மாறும், ஏனென்றால் அதில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கின்றன. சிவப்பு விளக்குக்குக் காப்டான் எந்தப் பயனும் தராது. எதை ஒட்டினாலும் ஒரு முனையை மடித்து, பிடித்து உரிக்க வசதியாகச் சின்ன வால் விட்டுவிடுங்கள். இணையம் நின்றுபோன இரவில் ரவுட்டரின் எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க அது உதவும்.

தொடக்கூடாத விளக்குகள்

புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் இந்த ஆட்டத்திலேயே இல்லை. அவற்றின் சின்ன விளக்கு, மின்சாரம் வருகிறது, பேட்டரி இருக்கிறது, உள்ளே இருக்கும் அமைப்பு விழித்திருக்கிறது என்று சொல்லும் சாட்சி. டேப் ஒட்டுகிறேன் பேர்வழி என்று புகை நுழையும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடும் ஆபத்து வேறு. வீட்டில் ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவச் சாதனங்கள் இருந்தால் அவற்றின் எச்சரிக்கை விளக்குகளுக்கும் இதே விதிதான். யுபிஎஸ், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் பழுது காட்டும் விளக்கு சாதாரண நாளில் எரியவே எரியாது. அதை மூடுவதால் லாபம் எதுவும் இல்லை. சாதனத்தையே படுக்கையறைக்கு வெளியே நகர்த்துவது மேல்.

கேமராவின் விளக்கு வேறு ரகம். அது நமக்காக எரிவதில்லை, எதிரே இருப்பவருக்காக எரிகிறது. பதிவு நடக்கிறது என்று அவருக்குத் தெரிவதை மறைப்பது வெளிச்சப் பிரச்சினை அல்ல, மரியாதைப் பிரச்சினை.

தினமும் பிளக்கைப் பிடுங்குவது

"விளக்கும் அணையும், கரண்டும் மிச்சம்" என்று சொல்வார்கள். 5 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும் விளக்கு 25 மில்லிவாட். வருடம் முழுக்க எரிந்தால் கால் யூனிட்டைக்கூடத் தொடாது. ஸ்டேண்ட்பையில் உள்ள சாதனம் மொத்தமாக எடுக்கும் மின்சாரம் இதைவிட அதிகம், அதற்காக அணைப்பது நியாயமான காரணம். ஆனால் எதை என்று பார்த்துச் செய்யுங்கள். ஓ.எல்.இ.டி. டிவி, பழைய படத்தின் தடம் திரையில் பதிந்துவிடாமல் இருப்பதற்கான பராமரிப்பு வேலையை ஸ்டேண்ட்பையில் இருக்கும்போதுதான் செய்துகொள்ளும். இங்க்ஜெட் பிரிண்டரை அதன் சொந்த பட்டனில் அணைக்காமல் சுவரில் அணைத்தால், இங்க் தெளிக்கும் தலை அதன் மூடிக்குள் போய் அமராமல் காய்ந்துவிடலாம்.

திறந்து பார்த்துவிடலாம் என்பது

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை வரும். வெளி அடாப்டரிலிருந்து 5 அல்லது 12 வோல்ட் வாங்கும் சாதனம் என்றால், வாரன்டியைப் பற்றிக் கவலை இல்லை என்றால், செய்யலாம். மேலே சொன்ன 330 ஓமை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கும். படுக்கையறைக்கு அது தாராளம். எல்.இ.டி.யை வெட்டி எறிவதைவிட இதுவே நல்லது. சில சர்க்யூட்டுகளில் அது வெறும் விளக்காக மட்டும் இல்லாமல், மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் பாகமாகவும் இருக்கும்.

சுவர் மின்சாரம் நேரடியாக உள்ளே போகும் எதையும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர் மின்னோட்டமாக மாறி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். லேப்டாப் சார்ஜர், டிவி இரண்டும் இந்த வகை. எக்ஸ்டென்ஷன் போர்டு சுவிட்சுக்குள் ஆரஞ்சாக எரிவது பல போர்டுகளில் எல்.இ.டி.யே அல்ல, மெயின்ஸிலேயே நேராக எரியும் நியான் விளக்கு. பழசானால் அது மினுக்மினுக்கென்று துடிக்க ஆரம்பிக்கும். போர்டைக் கட்டில் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் போதும், விரிப்புக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம். சுவிட்ச் தொட்டால் சுடுகிறது என்றால் போர்டையே மாற்றிவிடுங்கள்.