வாசல் கோலத்தில் ஒரு கணக்கு: வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள்

லீவு நாளில் பிள்ளைகளைக் கணக்குப் போட உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதனால் நோட்டை எடுக்கவே வேண்டாம். கோலமாவு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, வீட்டில் கிடந்தால் ஒரு ரூபிக்ஸ் க்யூப், இவ்வளவுதான். ஃப்ளாட்டில் வாசல் போதாது என்றால் சாக்பீஸோடு மொட்டை மாடிக்குப் போங்கள். ஆனால் சென்னை வெயிலுக்குத் தரை ஆற சாயங்காலம் ஐந்தரை மணியாவது ஆகிவிடும்.

படி 1. 7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை. நடுவரிசையில் 7 வைத்து, மேலேயும் கீழேயும் இடுக்கு பார்த்து 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டே போக வேண்டும். பிள்ளையே வைக்கட்டும். ஒரு புள்ளி கடுகளவு, இன்னொன்று நாலணா அளவு என்றுதான் விழும், வரிசையும் கோணும், பரவாயில்லை, அழித்துத் திருத்தாதீர்கள்.

படி 2. மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணுவதற்கு முன்னால் பாட்டி உட்பட எல்லோரும் குத்துமதிப்பாக ஒரு எண் சொல்லுங்கள். அப்புறம் பிள்ளை எண்ணட்டும். என் மகள் முதல் தடவை 36 என்றாள், அடுத்த தடவை 38. நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒவ்வொரு புள்ளி மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்து, எல்லாவற்றையும் அள்ளிப் பத்துப் பத்தாகக் குவித்தாள். மூன்று குவியல், மிச்சம் 7. ஆக 37. அந்த யோசனை அவளுடையது, அவசரப்பட்டு விடையைச் சொல்லியிருந்தால் அது வந்திருக்காது.

படி 3. இப்போது வரிசையை மறந்துவிட்டு, நடுப் புள்ளியிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பாருங்கள், சுற்றுக்கு ஒரு கலர் சாக்பீஸ். நடுவில் 1, அதைச் சுற்றி 6, அடுத்து 12, அடுத்து 18. அதாவது 3 புள்ளி 2 வரை வைத்தால் 7, 5 புள்ளி 3 வரை என்றால் 19, நம்முடையது 37. அடுத்த சுற்றில் எத்தனை வரும் என்று பிள்ளை சொன்ன பிறகு 9 புள்ளி 5 வரை வைத்துச் சரிபாருங்கள் (24 கூடி 61 ஆகும்).

படி 4. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 1, 7, 19, 37 என்ற எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 1, 8, 27, 64. எல்லாமே கன எண்கள்! 2×2×2, 3×3×3, 4×4×4.

ஏன் இப்படி என்பதை ரூபிக்ஸ் க்யூப் காட்டிவிடும். ஒரு மூலை நேராக உங்கள் கண்ணைப் பார்க்கிற மாதிரி பிடித்து, தெரிகிற சின்னக் கட்டைகளை எண்ணுங்கள். இரண்டு மூன்று பக்கம் தெரிகிற கட்டையையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். மூன்று பக்கம் தெரிவது 1, இரண்டு பக்கம் தெரிவது 6, ஒரு பக்கம் மட்டும் தெரிவது 12. மொத்தம் 19. அந்த 19-ஐயும் உரித்து எடுத்ததாக நினைத்துக்கொண்டால் உள்ளே மிஞ்சுவது 2×2×2, அதாவது 8. பிடித்த வாக்கில் ஓரத்தை மட்டும் பார்த்தால் அறுகோணம், நம் இடுக்குப் புள்ளிக் கோலத்தின் அதே வடிவம்.

கோலத்தைக் கணக்காகப் பார்ப்பது நம்ம ஊருக்குப் புதிதும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலம் உருவாகும் விதிகளைக் கணினிக்கு ஏற்ற வகையில், எழுதி ஆராய்ந்தவர்கள்.

மழை வந்து வாசல் நனைந்தால் அதே புளியங்கொட்டையில் நாலை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமென்ட் தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள் (தேய்த்த சூட்டோடு தம்பி கையில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). 48 தடவை உருட்டி, ஒவ்வொரு தடவையும் எத்தனை வெள்ளை விழுந்தது என்று கோடு போட்டுக் குறியுங்கள். நாலு ஒரு ரூபாய் நாணயங்களையும் அதேபோல 48 தடவை போட்டுப் பாருங்கள். நாணயம் விழ மொத்தம் 16 வழி, அதில் இரண்டு தலை வருவது 6 வழி, நாலும் தலையாக வருவது ஒரே வழி. கொட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் அதன் கணக்கு ஒரு பக்கமாகச் சாயலாம். எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும்.