குடியை நிறுத்தக் கூட்டம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று முழுப்பெயரைச் சொன்னால் வடசென்னையில் பலருக்கு விளங்காது; ‘ஏஏ கூட்டம்’ என்றால் சிலருக்காவது தெரியும். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கிய வழக்கம் அது. குடிநோயிலிருந்து மீள நினைக்கிறவர், மீண்டுகொண்டிருக்கும் இன்னொருவரின் பேச்சைக் கேட்கிறார். மனம் வந்தால் தன் கதையையும் சொல்கிறார். இவ்வளவு எளிய ஒன்றைச் சென்றடைவதற்குள் எத்தனையோ தவறுகள் நேர்கின்றன; அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

உயிருக்கு ஆபத்தான தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்தவர், மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்து உட்காரக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே காய்ச்சல், வியர்வை, மனக்குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதுபோன்ற தோற்றம் எல்லாம் சேர்ந்து வரலாம். இதைக் காத்து கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப்போகும் வீடுகள் இன்றும் உண்டு. அவரை அழைத்துப்போக வேண்டிய இடம் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். வலிப்பே வந்துவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். கூட்டம் உடல் தேறிய பின் வருவது.

அடுத்தது, கூட்டத்தையும் மறுவாழ்வு மையத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. மையம் என்பது தங்கிச் சிகிச்சை பெறும் இடம். தனியார் மையம் என்றால் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஏஏ கூட்டத்துக்குக் கட்டணமோ சேர்க்கைப் படிவமோ கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் பத்து ரூபாய் போடலாம், போடாமலும் விடலாம். கூட்டத்துக்கென்று யாராவது முன்பணம் கேட்டால் அது ஏஏ அல்ல என்று எழுந்து வந்துவிடலாம். எங்கே விசாரிப்பது என்று தெரியாதவர்கள், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-இல் கேட்கலாம்.

இனி, கூச்சம். தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சி, இராயபுரத்துக்காரர் தாம்பரத்தில் கூட்டம் தேடுகிறார். இரண்டு வாரம் போவார். மூன்றாவது வாரம் மழை, நான்காவது வாரம் அலுப்பு. நாம் தெருமுனையில் விழுந்து கிடந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்ட ஊர், நாம் நிமிர்ந்து நடந்து போவதைப் பார்ப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது? உள்ளே இருப்பவரும் அதே காரணத்துக்காகவே வந்திருக்கிறார். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பதும் வழக்கம். பெரும்பாலும் தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ கூடுவதால் ‘மதம் மாற்றிவிடுவார்கள்’ என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. இடம் கிடைத்தது அங்கே, அவ்வளவுதான். நம்மினும் பெரிய ஒரு சக்தி என்ற பேச்சு வரும். அது முருகனா, மாதாவா, அந்த அறையில் இருக்கும் மனிதர்களா என்பதை அவரவரே முடிவுசெய்து கொள்ளலாம்.

கூட்ட நேரத்தைப் பார்ப்பவர்கள் போகும் வழியைப் பார்ப்பதில்லை. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. மாலைக் கூட்டத்துக்குப் புறப்படும் நேரம் கடை மும்முரமாக இருக்கும் நேரம். வேலை முடிந்து கூலி கையில் இருக்கும் சனிக்கிழமை, கடை இல்லாத வழியாக, முடிந்தால் கூட்டத்து நண்பர் ஒருவருடன் போவது நல்லது. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, பொழுது போகாமலேயே குடி கூடிவிடும். படகுக்காரர்கள் கூட்டத்துக்குப் போகத் தொடங்க அதைவிட வசதியான காலம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இனிக் குடிப்பதில்லை என்று கயிறு கட்டிக்கொள்வதையும் மாலை போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றும் அன்றே குவார்ட்டர் வாங்கியவன் நான். விரத நாட்களிலேயே கூட்டத்துக்கும் போயிருந்தால், கழற்றிய அன்று மாலை போய் உட்கார ஓர் இடமாவது இருந்திருக்கும்.

மனைவியரும் தாய்மாரும் செய்யும் தவறு, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்காகத் தாங்களே பேசுவது. குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. அங்கே பேசப்படுவது அவருடைய குடி அல்ல, உங்கள் தூக்கமும் உங்கள் கோபமும்.

முதல் கூட்டத்தோடு தீர்ப்பு எழுதிவிடுவது மற்றொன்று. நான் முதல் நாள் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை உள்ளே போனபோது ஒரு பெரியவர் டம்ளரில் பாதி மட்டும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். என் கை நடுக்கத்தில் அந்தப் பாதியே தளும்பிய பிறகுதான் காரணம் புரிந்தது.

சறுக்கியவர் வெட்கப்பட்டுக் கூட்டத்தை நிறுத்திவிடுவதே நான் அதிகம் பார்த்த தவறு. அங்கே சேரத் தேவையானது குடியை நிறுத்தும் விருப்பம் மட்டுமே, நிறுத்திய சான்று அல்ல. ஏழு மாதம் குடிக்காமல் இருந்து சறுக்கிய நான், மறுநாள் மாலையே போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே பெரியவர் அன்றும் பாதி டம்ளர்தான் ஊற்றினார்.