ஆபரேஷன் தேதி வரும்வரை காது மிஷினைக் கழற்றி வைக்காதீர்கள்

"எப்படியும் காக்ளியர் வைக்கப்போறாங்க, இந்த மிஷின்ல என்ன கேட்கப்போகுது?" என்று, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் (ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கும் கருவி) வரக் காத்திருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். மிஷின் பீரோவுக்குள் போய்விடும். காத்திருக்கும் மாதங்களில் நடக்கும் பெரிய நஷ்டம் இதுதான். மிஷின் போட்டும் பலன் எவ்வளவு என்று பார்த்துத்தான் இம்பிளாண்ட் முடிவாகிறது. கொஞ்சநஞ்சம் சத்தமாவது காது நரம்புக்குப் போய்க்கொண்டிருந்தால், பின்னால் தெரபி எளிதாகும். குளியலும் தூக்கமும் தவிர மற்ற நேரமெல்லாம் மிஷின் காதில் இருக்க வேண்டும்.

குழந்தை மிஷினைப் பிடுங்கிப் போடுகிறது என்றால் முதலில் மோல்டை, அதாவது காதின் அளவுக்குச் செய்து காதுக்குள் பொருத்தும் அச்சைப் பாருங்கள். காது வளர வளர மோல்டு லூசாகிவிடும். சின்னக் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது மோல்டு தேவைப்படும். லூசானால் 'கீ' என்று விசில் அடிக்கும். விசில் தாங்காமல் வால்யூமைக் குறைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. விசில் நிற்கும், குழந்தைக்குக் கேட்பதும் நின்றுவிடும். மோல்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டியூப் விரிசல் விட்டிருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் விசில் வந்தால் புது மோல்டுக்கு அளவு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

மோல்டை மிஷினிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, டியூபுக்குள் நிற்கும் நீர்த்துளியை ஊதித் தள்ளி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். மிஷின் மேல் தண்ணீர் படவே கூடாது. சித்திரை வெயிலில் வியர்வை மிஷினுக்குள் இறங்கும். அதனால் இரவில் சிலிகா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். செல்லை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், டப்பாவுக்குள் இருந்தால் அது காய்ந்து வீணாகும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தவிடு மைக்கை அடைக்கும்.

பவர் அதிகமான மிஷினுக்குப் பெரும்பாலும் நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 செல், சிறியதற்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் 13. ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். உரித்தபின் திரும்ப ஒட்டினாலும் செல் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். பழைய செல் குழந்தை கைக்கு எட்டவே கூடாது. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரி. செல் சிக்கிக்கொண்டால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்கூட வெந்துவிடலாம்.

காலையில் மிஷின் போட்டதும் குழந்தையின் பக்கவாட்டில், வாய் தெரியாதபடி உட்கார்ந்து ஆறு ஒலி சொல்லுங்கள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். எதற்குத் திரும்புகிறது என்று நோட்டில் குறித்து ஆடியாலஜிஸ்ட்டிடம் (காது கேட்பதைச் சோதிக்கும் நிபுணர்) காட்டுங்கள். கடுமையான குறைபாட்டில் ஷ், ஸ் கேட்காமல் இருப்பது சகஜம். ஆனால் நேற்றுவரை கேட்ட 'ஊ' இன்று கேட்கவில்லையென்றால் செல், டியூப், சளி மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம்.

இரண்டரை வயதுக்கு மேல் என்றால் ஒரு விளையாட்டைக் கட்டாயம் பழக்குங்கள். பின்னாளில் மேப்பிங் (காக்ளியர் கருவியில் குழந்தைக்கு ஏற்ற சத்த அளவை அமைப்பது) செய்யும்போது இதுதான் கைகொடுக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளி, பத்துக் கட்டைகள், ஒரு சின்ன மேளம். குழந்தை கட்டையைக் கன்னத்தோரம் பிடித்துக் காத்திருக்க வேண்டும். மேளம் தட்டியதும் வாளியில் போட வேண்டும். முதலில் கண்முன் தட்டி, கையைப் பிடித்துப் போட வையுங்கள். புரிந்தபின் முதுகுப் பக்கம் போங்கள். அங்கேதான் ஏமாறுவோம். மேளம் தரையில் இருந்தால் அதிர்வு தரை வழியே போகும், சுவரில் நிழல் ஆடும், எதிரே உட்கார்ந்த பாட்டி கண் காட்டிவிடுவார். மேளத்தை மடியில் வைத்து, ஒருமுறை இரண்டு நொடி, ஒருமுறை எட்டு நொடி என்று தாறுமாறாக இடைவெளி விடுங்கள். மிஷின் போட்டும் மேளம் கேட்காத குழந்தையா? மேளத்தின் மேல் ஒரு கையை வைக்கச் சொல்லி அதிர்வால் விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள். சுவிட்ச்-ஆன் (ஆபரேஷனுக்குப் பின் காக்ளியர் கருவியை முதன்முதலில் இயக்குவது) ஆனபின் அதிர்வின் இடத்தில் சத்தம் வந்து உட்காரும்.

பேசுவதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். களி கிண்டும்போது குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி, "மாவு போடறேன் கண்ணு... கிண்டு, கிண்டு... களி உருட்டலாமா?" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், மிக்சி நின்றபின் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் மிஷினில் சொல் சிதையும். நெருங்கி வாருங்கள், ஓரடியிலிருந்து நாலடிக்குத் தள்ளிப் போனால் வெட்டவெளியில் 12 டெசிபல் குறைந்துவிடும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் அதிலேயே பேசலாம், அம்மா வாயில் சரளமாக வரும் மொழியே நல்லது. சைகையைத் தடுக்காதீர்கள், குரலோடு சேர்ந்து வந்தால் போதும். சொல்ல வழியில்லாத பிள்ளைதான் அதிகம் அடம் பிடிக்கும்.

பெரா டெஸ்டுக்கு (சத்தத்துக்குக் காது நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் சோதனை) குழந்தை தூங்க வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற தூரத்து மலையூர்களிலிருந்து வரும் பிள்ளை பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு, டெஸ்ட் அறையில் கொட்டக் கொட்ட விழித்திருக்கும், அன்றைய பயணம் வீண். முதல் நாள் இரவு தாமதமாகப் படுக்க வைத்து, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணிக்கு மேல் பால் கூடாது என்று முன்பே கேளுங்கள்.

காதில் எண்ணெய் ஊற்றுவது, கோழி இறகு விட்டுக் குடைவது இரண்டையும் நிறுத்துங்கள். சீழ் வடிந்தால் அந்தக் காதில் மோல்டு போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீழோ சளிக் காய்ச்சலோ இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். மூளைக்காய்ச்சலைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் காக்ளியர், எனவே காகிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. வருமானச் சான்று, குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் பெயரின் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று, நாலு வாரம் கழித்துத்தான் சுவிட்ச்-ஆன். அதுவரை ஆபரேஷன் செய்த காது சும்மாதான் இருக்கும். மறுகாதுக்கு மிஷின் தொடரலாமா என்று ஆடியாலஜிஸ்ட்டைக் கேளுங்கள். பல குழந்தைகளுக்குத் தொடரச் சொல்வார்கள், அந்த மோல்டைப் பத்திரமாக வையுங்கள்.